பூட்டும் திறவுகோலும்: கணினிக் களவின் வரலாறு கற்பிப்பது

உழைப்பின் வரலாறு ஓரளவுக்கேனும் எழுதப்பட்டுள்ளது. களவின் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை. எழுதப்படுமாயின், ஒவ்வொரு காலத்துக் கருவியும் தனக்குரிய கள்வனை உடன்கொண்டே பிறந்தது என்னும் உண்மை அதன் முதல் அத்தியாயமாக அமையும். நாணயம் பிறந்தபோது கள்ள நாணயம் பிறந்தது. முத்திரை பிறந்தபோது போலி முத்திரை பிறந்தது. கடிதம் பிறந்தபோது பொய்க் கையொப்பம் பிறந்தது. இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கையடக்கத் தொலைபேசி பணப்பையாகவும், முத்திரையாகவும், கடிதமாகவும், வீட்டுப் படலையாகவும் ஒருங்கே விளங்குகின்றது. ஆதலின் அவ்வனைத்துக்கும் உரிய களவுகள் யாவும் அதனுள்ளே குடிபுகுந்திருத்தல் வியப்பன்று.

மருதமுனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் எமது கரையோர ஊர்களில் இக்கருவி வந்து சேர்ந்த விதம் தனித்துக் கூறத்தக்கது. 1970-களின் பிற்பகுதி தொடங்கி இவ்வூர்களின் ஆணும் பெண்ணும் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றனர். அக்காலத்தில் மகனுடைய கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டவும், மறுமொழி எழுதிக் கொடுக்கவும் எழுத்தறிந்த ஒருவர் வேண்டியிருந்தார். இன்று கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய தொலைபேசி உம்மாவின் கையில் இருக்கின்றது. ஆயின் அதற்கு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கியவன் கடைத்தெருவிலுள்ள தொலைபேசிக் கடைப் பையன். கடவுச்சொல்லை வைத்தவனும் அவனே. அதனை அறிந்தவனும் அவனே. கடிதம் படித்துக் கொடுத்தவர் வீட்டின் இரகசியத்தை அறிந்திருந்தார். கடவுச்சொல் வைத்துக் கொடுத்தவனோ வீட்டின் திறவுகோலையே வைத்திருக்கின்றான். அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஒரு சமூகத்தின் பாதுகாப்பு ஒருவனுடைய நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருத்தல் தகுமா என்பதே கேள்வி.

இக்களவிலிருந்து தற்காத்துக் கொள்வது எங்ஙனம் என்ற வினாவுக்கு இருவகை விடைகள் நம்மிடையே வழங்குகின்றன. பூட்டை மாற்று என்பது தொழில்நுட்பம் கற்றோர் விடை. ஏமாந்தவன் மடையன் என்பது அக்கம்பக்கத்தார் விடை. முன்னது பாதி உண்மை; பின்னது அநீதி. கணினிக் களவின் அறுபது ஆண்டுகால வரலாற்றை நிரற்பட நோக்குவோர்க்கு வேறொன்று புலனாகும். பூட்டு உடைக்கப்பட்ட சந்தர்ப்பங்கள் சிலவே. உரியவர் தம் கையாலேயே திறவுகோலைக் கொடுத்த சந்தர்ப்பங்கள் மிகப் பல. அவ்வாறு கொடுக்கச் செய்தவை தேவை, அச்சம், நம்பிக்கை என்னும் மூன்றுமாகும். இம்மூன்றும் தனிமனிதரின் குறைபாடுகளல்ல. சமூக வாழ்வு மனிதரிடம் உண்டாக்கிய நிலைமைகள். இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கடவுச்சொல்லின் பிறப்பிலிருந்தே தொடங்குவோம். 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில், ஒரே கணினியைப் பலர் நேரம் பகிர்ந்து பயன்படுத்தும் முறையொன்று செயல்முறையாகக் காட்டப்பட்டது. அதனை உருவாக்கியோருள் முதன்மையானவர் பெர்னாண்டோ கோர்பட்டோ. ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருத்தற்பொருட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. மறு ஆண்டே அது களவு போயிற்று. அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரத்தில் 4 மணிநேரமே கணினி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கடவுச்சொற்கள் யாவும் அடங்கிய கோப்பினை அச்சிட்டுத் தருமாறு கணினிக்கே ஓர் ஆணை கொடுத்து, அதனைப் பெற்றுக் கொண்டார். பிறருடைய நேரத்தில் தம் வேலையைச் செய்தார். கால் நூற்றாண்டு கழித்து அவரே இதனை வெளிப்படுத்தினார். முதற் கடவுச்சொல் களவு, பொருளாசையால் நிகழாமல், பங்கீட்டில் நேர்ந்த பற்றாக்குறையால் நிகழ்ந்ததென்பது மனங்கொளத்தக்கது.

அக்களவு கற்பித்த பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை. கடவுச்சொற்கள் ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்படும்போது, அவ்விடம் திறக்கப்பட்டால் அத்தனையும் போகும். நாம் முகநூலுக்கும், மின்னஞ்சலுக்கும், வங்கிக்கும் ஒரே சொல்லை வைத்திருப்போமாயின், யாதோ ஒரு நிறுவனத்தின் கவலையீனத்தால் அச்சொல் வெளியானவுடன் நம் வங்கிக் கணக்கும் வெளியாகிவிடுகின்றது. ஆகவே, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறான, நீளமான சொற்கள் வேண்டும். நினைவில் வைத்தல் அரிதாயின், ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வீட்டு அலுமாரியில் பூட்டி வைத்தலும் தவறன்று. உலகின் மறுகோடியிலுள்ள கள்வன் நம் அலுமாரியைத் திறக்கமாட்டான். எல்லாப் பூட்டுக்கும் ஒரே திறவுகோல் வைத்திருப்பவனுடைய வீட்டை எளிதில் திறந்துவிடுவான்.

1986-ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரிலே, தாம் விற்ற மென்பொருளை விலை கொடாது பிரதி செய்வோரைக் கண்டுகொள்ளும் பொருட்டுச் சகோதரர் இருவர் ஒரு சிறு நிரலை எழுதினர். தம் பெயரையும், முகவரியையும், தொலைபேசி இலக்கத்தையும் கூட அதனுள்ளே பொறித்திருந்தனர். அந்நிரல் நெகிழ்தட்டு வழியாகக் கைமாறிக் கைமாறி உலகைச் சுற்றியது. தனியாள் கணினிகளைத் தொற்றிய முதல் நச்சுநிரல்களுள் ஒன்றாக அது இன்று பேசப்படுகின்றது. 1988 நவம்பர் 2-ஆந் திகதி அமெரிக்காவில் கோர்னல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அவிழ்த்துவிட்ட புழு நிரல், அன்றைய சிறிய இணையத்தின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினைச் செயலிழக்கச் செய்தது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, மக்கள் வழக்கமாக வைக்கும் எளிய கடவுச்சொற்களை ஊகித்தறிதல். அந்நிகழ்ச்சியை அடுத்தே, அவசர வேளையில் உதவும் முதலாவது கணினிப் பாதுகாப்புக் குழு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டது. நம் நாட்டில் அத்தகைய அமைப்பு, இலங்கை சேர்ட் என்னும் பெயரில், 2006-ஆம் ஆண்டு தோன்றிற்று. கணினிக் குற்றச் சட்டம் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிற்று.

நிற்க. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் நிகழ்ந்த இவை ஏழை நாடுகளைத் தீண்டிய காலம் 2000-ஆம் ஆண்டு எனலாம். அவ்வாண்டு மே மாதம் 4-ஆந் திகதி, பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்பது அதன் தலைப்பு. காதற் கடிதம் என்னும் பெயரில் ஓர் இணைப்பு அதனோடு இருந்தது. அதனைத் திறந்தவருடைய கோப்புகள் அழிந்தன. அவருடைய முகவரிப் பட்டியலிலிருந்த அனைவருக்கும் அதே கடிதம் அவர் பெயராலேயே சென்றது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மின்னஞ்சல் சேவையே நிறுத்தப்படவேண்டியதாயிற்று. அந்நிரலை எழுதியவர் ஒனெல் டி குஸ்மான் என்னும் கணினிக் கல்லூரி மாணவர். இணையக் கட்டணம் செலுத்த இயலாத ஏழைகள் பிறருடைய கடவுச்சொல்லைக் கொண்டு இணையத்தை அடையும் வழியைத் தம் ஆய்வுப் பொருளாக முன்வைத்தவர் அவர். கல்லூரி அதனை ஏற்க மறுத்திருந்தது. அச்செயலைக் குற்றமாக்கும் சட்டம் அந்நாட்டில் அன்று இருக்கவில்லை. ஆதலின் வழக்கு நடைபெறவில்லை. அடுத்த மாதமே சட்டம் இயற்றப்பட்டது.

இங்கே இருபுறமும் நின்ற மனிதரை உற்று நோக்குதல் வேண்டும். ஒருபுறம், பணமின்மையால் அறிவுலகின் வாசலில் தடுக்கப்பட்ட மாணவன். மறுபுறம், தன்னை யாரோ நேசிக்கின்றார் என்ற செய்தியைத் திறந்து பாராதிருக்க இயலாத இலட்சக்கணக்கான அலுவலக ஊழியர். அம்மாணவனின் செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. அவனுடைய நிரலால் துன்புற்றோரிலும் ஏழைகள் இருந்திருப்பர். ஆயின் களவுக்கும் ஏமாற்றத்துக்கும் காரணம் தேடுவோர், மனிதரின் இல்லாமையையும் தனிமையையும் தாண்டி வேறெங்கும் செல்லவேண்டுவதில்லை. அறிந்தவர் பெயரில் வருவதனாலேயே ஒரு கடிதம் அறிந்தவர் எழுதியதாகிவிடாது என்னும் எச்சரிக்கையும் அன்றுதான் உலகெங்கும் பரவிற்று. இன்று வட்ஸ்அப்பில் நண்பன் பெயராலே 'அவசரம், பணம் அனுப்பு' என்று வரும் செய்தியும் அக்காதற் கடிதத்தின் வழித்தோன்றலே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். போர்க்காலத்தில், இலங்கைத் தூதரகங்களின் மின்னஞ்சற் பெட்டிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 கடிதங்கள் வீதம் இரு வாரங்களாக நிரப்பப்பட்ட செய்தி 1998-ஆம் ஆண்டு வெளியாயிற்று. விடுதலைப் புலிகளின் பெயர் சார்ந்த குழுவொன்று அதற்கு உரிமை கோரிற்று. இணையத் தாக்குதல்களின் வரலாற்றை எழுதுவோர் இதனை ஆரம்பகால நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இன்றும் எடுத்துக்காட்டுவர். ஆயினும் எமது கரையோர மக்களைப் பொறுத்தவரை, இணையத்தின் கொடுமை மிக நெருங்கி வந்தது 2004-ஆம் ஆண்டின் இறுதியிலாகும்.

அவ்வாண்டு டிசம்பர் 26-ஆந் திகதி கடல் பொங்கியபோது, இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் 10,000-க்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் மண்ணோடு மண்ணாயின. உலக மக்கள் மனமிரங்கி வாரி வழங்கினர். அவ்விரக்கமே கள்வருக்குத் திறவுகோலாயிற்று. அடுத்த சில வாரங்களுக்குள், நிவாரண நிறுவனங்களைப் போலத் தோற்றமளித்த போலி இணையத்தளங்கள் முளைத்தன. அமெரிக்கப் புலனாய்வுத் துறை பொதுமக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2005 ஜனவரியில், 'சுனாமி நன்கொடை, உதவுங்கள்' என்னும் தலைப்போடு மின்னஞ்சலில் பரவிய புழு நிரலொன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. நம் மையித்துகளின் ஈரம் உலருமுன்னரே, அவர்தம் பெயர் தூண்டிலில் இரையாகக் கோக்கப்பட்டது. உலகில் எங்கேனும் பேரிடர் நிகழும்போதெல்லாம் இதுவே மீண்டும் நிகழ்கின்றது. கொடுக்கும் கையை மடக்கிக்கொள்வது இதற்குப் பரிகாரமாகாது. வந்த இணைப்பை அழுத்தாமல், அந்நிறுவனத்தின் முகவரியை நாமே தேடிச் சென்று கொடுத்தலே முறை. ஸக்காத்தும் ஸதக்காவும் கேட்டுத் தொலைபேசியில் வரும் நோயாளிப் படங்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.

பாமரர்தாம் ஏமாறுவர் என்று எண்ணுவோர் 2016 பெப்ரவரி மாதத்து நிகழ்ச்சியை அறிதல் நன்று. பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் நியூயோர்க் நகரிலுள்ள கூட்டாட்சி ஒதுக்கு வங்கியில் வைப்பிலிருந்தது. கள்வர், டாக்காவிலிருந்து அனுப்பப்படுவன போல 35 கட்டளைகளை நியூயோர்க்கிற்கு அனுப்பி, 95 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைப் பெயர்க்க முயன்றனர். டாக்காவின் வெள்ளிக்கிழமை விடுமுறை, நியூயோர்க்கின் வார இறுதி விடுமுறை, மணிலாவின் சீனப் புத்தாண்டு விடுமுறை ஆகிய மூன்றும் தொடர்ந்து வரும் நாள்களைக் கணித்தே அவர் செயலில் இறங்கினர். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குச் சென்று, அதன் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுள் மறைந்தது. 2 கோடி டொலர் இலங்கைக்கு, ஓர் அறநிலையத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அறநிலையம் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டல் பிழையாக இருந்தமையால் வங்கி அலுவலர்க்கு ஐயம் பிறந்தது. பணம் தடுக்கப்பட்டு மீண்டது. மொழி ஆசிரியருக்கு இதனினும் இனிய செய்தி பிறிதொன்று இருத்தலரிது: எழுத்துப்பிழையைக் கண்டு ஒரு கணம் நின்று நிதானித்த பழக்கம் 2 கோடி டொலரைக் காத்தது!

இக்களவு எங்ஙனம் தொடங்கியது? 2018-ஆம் ஆண்டு அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட குற்றப் பத்திரத்தின்படி, வேலை தேடும் ஒருவர் எழுதுவது போன்ற பணிவான மின்னஞ்சல்கள் வங்கி ஊழியர்க்கு முன்னரே வந்திருந்தன. தன்விவரக் குறிப்பைப் பார்க்க ஓர் இணைப்பும் அதிலிருந்தது. நாட்டின் கருவூலத்துக்கு இடப்பட்ட பூட்டு, வேலையற்றவனின் விண்ணப்பமென்னும் வேடத்தின் முன் திறந்துகொண்டது. வடகொரிய அரசைச் சார்ந்த குழுவே இதனைச் செய்ததென்பது அப்பத்திரத்தின் குற்றச்சாட்டு.

2016-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலங்கை ஜனாதிபதியின் இணையத்தளத்துள் யாரோ புகுந்தனர். க.பொ.த. உயர்தரப் பரீட்சையைப் புத்தாண்டுக் காலமாகிய ஏப்பிரலில் நடத்தவேண்டாமென்ற கோரிக்கை அதில் எழுதப்பட்டிருந்தது. கைதானவர் 17 வயது மாணவர். மாணவரின் குரல் செவிமடுக்கப்படும் வாயில்கள் நாட்டில் எத்தனை திறந்துள்ளன என்று ஆசிரியராகிய நாம் சிந்தித்தற்குரிய நிகழ்ச்சி இது. நாட்டின் முதற் பிரசையின் தளத்துக்கு இடப்பட்ட பூட்டு எத்தகையது என்பதும் அன்று வெளிச்சமாயிற்று.

அரசு பூட்டைப் பேணாதபோது விளைவது யாது என்பதற்குச் சான்று 2023-ஆம் ஆண்டில் கிடைத்தது. அரசின் மின்னஞ்சல்களைத் தாங்கிய கணினித் தொகுதியைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளப்பெற முடியாதவாறு அழிந்தன. காலங்கடந்த மென்பொருளைப் புதுப்பியாது வைத்திருந்தமையும், தனித்து வைத்த பிரதிகள் அக்காலப் பகுதிக்கு இல்லாமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. 2017 மே 12-ஆந் திகதி பிரித்தானியாவின் பொது மருத்துவமனைகளை முடக்கி, ஏறத்தாழ 150 நாடுகளுக்குப் பரவிய நச்சுநிரலும் இவ்வாறே நுழைந்தது. அத்துவாரத்தை அடைக்கும் புதுப்பிப்பு இரு மாதங்களுக்கு முன்னரே வெளிவந்திருந்தது; அதனைச் செய்யாதிருந்த கணினிகள் வீழ்ந்தன. அதற்குப் பயன்பட்ட கருவியோ, அமெரிக்க அரசின் உளவு நிறுவனம் ஆக்கி மறைத்து வைத்திருந்து வெளியில் கசிந்ததொன்று. மக்களைக் காப்பதாகக் கூறும் பேரரசு, மக்களின் கதவிலுள்ள துவாரத்தை அறிந்தும் சொல்லாது வைத்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தொலைபேசி புதுப்பிப்புக் கேட்கும்போது நாம் நாளை நாளை என்று தள்ளுகின்றோம். தரவுக் கட்டணம் கருதித் தள்ளுவோரும் உளர். பழைய கருவிக்குப் புதுப்பிப்பே கிடையாத ஏழைகளும் உளர். பாதுகாப்பும் பணமுடையார்க்கே மலிவாகக் கிடைக்கும் பண்டமாயிருத்தல் இச்சமூக அமைப்பின் இயல்பு. எனினும் இயன்றவர் புதுப்பித்தல் வேண்டும்; பாடக் குறிப்பு, பிள்ளைகளின் சான்றிதழ், வீட்டுறுதி ஆகியவற்றின் பிரதியை இணையத்தோடு தொடர்பற்ற வேறொரு கருவியிலும் வைத்தல் வேண்டும். கடலிடம் உறுதியையும் சான்றிதழையும் பறிகொடுத்த ஊர்களுக்கு, ஒரு பிரதி போதாது என்பதனைப் பிறர் சொல்லித் தரவேண்டுவதில்லை.

இதுவரை கூறியவற்றில் இழப்பு பணமும் தாளுமாகும். 2018-ஆம் ஆண்டு பெப்ரவரி 26-ஆந் திகதி இரவு அம்பாறை நகரில் நிகழ்ந்தது வேறு வகையினது. முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உண்ண வந்தவர், கறியிலே காணப்பட்ட மாவுக் கட்டியைக் காட்டி, இது சிங்களவரை மலடாக்கும் மருந்தன்றோ என்று வினவினார். சிங்களம் நன்கறியாத உணவக ஊழியர், கேள்வி விளங்காமலே ஆமென்று தலையசைத்தார். அக்காட்சி கையடக்கத் தொலைபேசியில் பதிவாகி முகநூலெங்கும் பரவிற்று. அவ்விரவே உணவகமும், நகரின் பள்ளிவாசலும், வாகனங்களும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் சோதனையில் அது வெறும் மாவுப் பொருளென்று தெரியவந்தது. அவ்வாறு உணவில் இட்டு மலடாக்கத்தக்க மருந்து எதுவும் இல்லையென உலக சுகாதார நிறுவனமும் தெளிவுபடுத்திற்று. ஆயின் உண்மை நடந்து வருமுன்னர் பொய் கண்டி மாவட்டத்துத் திகனையை எரித்துவிட்டது. மார்ச் 6-ஆந் திகதி அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முகநூல், வட்ஸ்அப் முதலியன முடக்கப்பட்டன.

அன்றிரவு எவருடைய கடவுச்சொல்லும் களவு போகவில்லை. எவருடைய கணினியும் உடைக்கப்படவில்லை. பூட்டுக்கள் யாவும் பூட்டியபடியே இருந்தன. அச்சம் என்னும் திறவுகோல் ஓர் இனத்தாரின் உள்ளத்தைத் திறந்தது. அவ்வச்சம் ஓரிரவில் முளைத்ததன்று. வேலையின்மையும் வறுமையும் யாரால் வந்தன என்பதனை மறைக்க விரும்பியோர் பல்லாண்டுகளாக நீரூற்றி வளர்த்தது. அதனைப் பரப்பிய நிறுவனமோ, வெறுப்புக்குக் கிடைக்கும் கவனத்தையும் விளம்பரக் காசாக மாற்றும் முதலாளித்துவ நிறுவனம். சிங்களம் அறிந்த கண்காணிப்பாளரை அது போதியளவு வைத்திருக்கவில்லை. முறைப்பாடுகள் பல பயனின்றிப் போயின. 2020 மே மாதத்தில்தான் அது தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்கு இரண்டாண்டு கழித்து வந்த வருத்தம் யாது பயன் தரும்? ஆதலின் ஒரு காணொளியைப் பிறர்க்கு அனுப்புமுன், இதனை எடுத்தவர் யார், எங்கே, எப்போது, இதனால் எரியப்போவது யாருடைய கூரை என்று கேட்டல், கடவுச்சொல்லைக் காப்பதனினும் பெரிய கடமையாகும். இக்கடமை எல்லா இனத்தார்க்கும் உரியது. பாதிக்கப்பட்ட நமக்கு விதிவிலக்கில்லை.

கள்வன் யார் என்னும் வினாவுக்கும் அண்மைய வரலாறு எதிர்பாராத விடை தருகின்றது. 2023 ஓகஸ்டில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையொன்று, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இணைய மோசடி முகாம்களில் பலவந்தமாக வேலை வாங்கப்படுவதாகக் கணித்தது. நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற இலங்கை இளைஞரும் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அகப்பட்டனர்; 2023, 2024-ஆம் ஆண்டுகளில் அவர்கள் பகுதி பகுதியாக மீட்கப்பட்டனர். கடவுச்சீட்டு பறிக்கப்பட்டு, அடியும் உதையும் பட்டு, நாள் முழுதும் அந்நியரை ஏமாற்றும் செய்தி எழுதுதலே அவர்க்கிடப்பட்ட வேலை. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி நம் இளைஞரை எவ்வழியாயினும் வெளியேறத் துரத்திற்று என்பதனை ஈண்டு நினைத்தல் வேண்டும். மறுமுனையில் ஏமாறுபவன் வேலை தேடும் தொழிலாளி. இம்முனையில் ஏமாற்றுபவன் வேலை தேடிப் போய் அடிமையான தொழிலாளி. பணம் சேர்வதோ இருவரையும் காணாத மூன்றாமவனிடம். வெளிநாட்டு வேலை என்று வரும் செய்தியை, முகவருக்கு உரிமம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் விசாரியாது நம்பலாகாது என்று நம் மாணவர்க்கு இடித்துரைத்தல், பாடத்திட்டத்தில் இல்லாவிடினும் நம் பணியாகும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் நடைமுறை முடிவுகள் எளியவை. வங்கியிலிருந்தோ, தொலைபேசி நிறுவனத்திலிருந்தோ, பொலிசிலிருந்தோ பேசுவதாகக் கூறி எவரேனும் அவசரப்படுத்தினால், தொடர்பைத் துண்டித்து, நாமறிந்த இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்டல் வேண்டும். அவசரம் என்னும் சொல்லே கள்வனின் அடையாளம். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. இலக்கத்தை, கேட்பவர் காக்காவே ஆயினும், சொல்லலாகாது; காக்காவின் பெயரில் வேறொருவன் கேட்கக்கூடும். வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இரண்டாம் பூட்டாகிய இருபடிச் சரிபார்ப்பை இட்டுக்கொள்ளல் வேண்டும். கடைப் பையன் வைத்த கடவுச்சொல்லை வீட்டுக்கு வந்ததும் மாற்றுதல் வேண்டும். ஏமாற்றம் நிகழ்ந்துவிட்டால், வெட்கத்தால் மறையாது, அக்கணமே வங்கிக்கும், பின்னர் பொலிசுக்கும் இலங்கை சேர்டுக்கும் அறிவித்தல் வேண்டும். ஏமாந்தவரை நகையாடும் ஊர் கள்வனுக்குக் காவல் நிற்கும் ஊராகும். ஏனெனில் நகைப்புக்கு அஞ்சியவர் வாய் திறவார், அவர் வாய் திறவாதபோது அடுத்த வீடும் கொள்ளை போகும்.

தனிமனிதர் செய்யக்கூடியவை இவை. அரசும் நிறுவனங்களும் செய்யவேண்டியவற்றை மக்கள் தலையில் சுமத்திவிட்டுத் தப்பித்தல் ஆகாது. தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் சட்டம் 2022-ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. எனினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. 2024-ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ விரைந்து நடைமுறைக்கு வந்தது. பேச்சுரிமையை ஒடுக்கும் கருவியென்று பத்திரிகையாளரும் தொழிற்சங்கத்தாரும் அதனை எதிர்த்தனர். குடிமகனின் தரவைக் காக்கும் சட்டம் தயங்கித் தயங்கி வருவதும், அவன் வாயைக் காவல் செய்யும் சட்டம் விரைந்து வருவதும் ஆளும் வர்க்கத்தின் அக்கறை எதிலென்பதனைக் காட்டுவனவாகும். எச்சரிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே மக்களை அடைய வேண்டுமென்றும், வங்கிகள் ஏமாந்தோரின் முறைப்பாட்டை உடனே ஏற்றுப் பணத்தைத் தடுத்து வைக்க வேண்டுமென்றும் கேட்டல் நம் உரிமை.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணியொன்று உண்டு. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. ஒவ்வோர் ஊரிலும் பாடசாலைகளும், பள்ளிவாசல்களும், வாசிகசாலைகளும், மாதர் சங்கங்களும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு மாலை, கணினி கற்ற மாணவர் சிலர் இவ்விடங்களில் அமர்ந்து, மீனவரின், நெசவாளரின், வயற்காரரின், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் தாய்மாரின் தொலைபேசிகளை அவர்கள் கண்முன்னரே, அவர்கள் கையாலேயே திருத்தக் கற்பிக்கலாம். அன்று கடிதம் படித்துக் கொடுத்தோரின் தொண்டு நின்றுபோனது, ஊரார் தாமே படிக்கக் கற்றபோது. இலவசக் கல்வி அதனைச் சாதித்தது. இவ்வெழுத்தறிவையும் அவ்வாறே பொதுவுடைமையாக்குவோம். திறவுகோல் எது, அதனைக் கேட்பவன் யார் என்பதனை ஒரு தெருவார் அனைவரும் அறிந்துவிட்டால், கள்வனுக்கு அத்தெருவில் வேலை இராது.